மொட்டை டேப்

அந்த டேப்பை நான் உடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தருமபுரத்துப் பக்கம் பழைய ஆட்கள் சிலர் அந்தக் கதையை எடுத்தால் இன்றைக்கும், "அந்தப் பொண்ணு வந்த மாசம் டேப்பு ஒடஞ்சுது பாரு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் வந்த மாதம் என்பது உண்மை. டேப் உடைந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்களே, அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டேப் என்பது மரை வெட்டுகிற ஆயுதம். உலோகத்தில் ஓட்டை போட்டுவிட்டு, போல்ட் திருகி ஏறுவதற்கு அந்த ஓட்டைக்குள் வரி வரியாக வெட்டவேண்டும் அல்லவா, அதற்கு. பார்த்தால் பக்கவாட்டில் பள்ளம் வாரிய போல்ட் மாதிரி இருக்கும். கைப்பிடியில் மாட்டி முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டே இறக்கவேண்டும். மிகவும் கெட்டியான எஃகு. கெட்டி என்பதாலேயே வளையாது, பட்டென்று உடைந்துவிடும். உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்க மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. துளைத்து எடுக்கலாம் என்றால் துளைக்கிற பிட்டைவிட அது கெட்டி.

எண்பதுகளின் நடுவில் நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சேரப் போன அன்றைக்கே அங்கிருந்தவர் டைப்ரைட்டிங் வகுப்பு பக்கத்துக் கட்டடம் என்று வழி காட்டினார். வழி தெரியாமல் வரவில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். சொந்தக்காரர்கள், மரை கழண்ட பெண் மரை வெட்டப் போகிறாள் என்று கல்யாண வீடுகளில் பேசிச் சிரித்தார்கள். எனக்கே அந்தக் கேலி பிடித்திருந்தது. ஆனால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அடுத்த கேலிக்கு இடம் கொடுத்தது மாதிரி ஆகும்.

படித்து முடித்தபின் வேலை கேட்டு ஏறி இறங்காத பட்டறை இல்லை. கடைசியில் திருநள்ளாறு ரோட்டில் தருமபுரத்தில் இருந்த ஒரு லேத் பட்டறைக்காரர் ஒத்துக்கொண்டார். நல்ல வேலைக்காரர்தான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது பில் எழுத ஒரு ஆள். வாசலை ஒட்டி ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுவைத்திருந்தார். நான் மேசைக்கு வரவில்லை, வைஸுக்குத்தான் வந்தேன் என்று சொன்னேன். வைஸ் என்பது வேலை செய்கிற பொருளைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி. ஃபிட்டருக்கு அதன் முன்னால் நிற்பதுதான் இடம். அவர் யோசித்துவிட்டு, ஆடி பிறக்கிறவரைக்கும் வைஸில் நின்று பார், சரிப்படவில்லை என்றால் மேசைதான் என்றார். சரி என்றேன். மேசைக்குப் போனால் பிறகு திரும்பி வரமுடியாது என்று எனக்குத் தெரியும். பில் எழுதுகிற பெண்ணை யாரும் எழுப்பி அரம் கையில் கொடுக்கமாட்டார்கள். படித்த படிப்பு அத்தனையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வீணாகிவிடும்.

கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்திருந்த நேரம் அது. குறுவைக்கு உழுகிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அவசரப்படுவார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் குரும்பகரத்து விவசாயி ஒருவர் சைக்கிள் கேரியரில் சாக்குச் சுற்றி ஒரு அலுமினியக் கவரைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் உழுகிற பவர் டில்லரின் கியர் பெட்டியை மூடுகிற கவர். அதில் ஒரு ஓட்டையின் மரை தேய்ந்துபோய் போல்ட் நிற்காமல் எண்ணெய் ஒழுகியது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பெரிய டேப்பால் புது மரை வெட்டவேண்டும். சின்ன வேலை. முதலாளி எனக்கே கொடுத்தார். நானும் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு, அந்த அளவு டேப்பை டிராயரிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முனைகள் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. நகத்தை வைத்துத் தேய்த்தால் ஒரு சுரண்டல்கூட இல்லை. சுத்த மொட்டை.

முதலாளியிடம் போய், இது மொட்டையாக இருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன். ஹார்டுவேர் கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. நானே ஓடிப்போய் வாங்கி வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது மாதிரி என்னைப் பார்த்தார்.

"சனிக்கெழம யாராச்சும் இரும்பு வாங்குவாங்களா? அதுவும் அவர் கோயிலுக்குப் போற ரோட்டுலயே ஒக்காந்துகிட்டு?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் இரும்பு சனீஸ்வரனுடையது. சனிக்கிழமை காசு கொடுத்து இரும்பு வாங்கினால் கூடவே அவரையும் வீட்டுக்கு அழைத்துவருவதாக அர்த்தம். அதுவும் அந்தப் பட்டறை வாசல் வழியாகத்தான் சனிக்கிழமைதோறும் எள்ளும் எண்ணெயும் கறுப்புத் துணியுமாக பஸ் பஸ்ஸாக ஜனங்கள் திருநள்ளாற்றுக்குப் போவார்கள். அவர்களுடைய வண்டிகள் பழுதாகி வந்தால் முதலாளி சனிக்கிழமையும் இரும்பைக் கடைவார், இரும்பை வெட்டுவார், அதற்குக் கூலியும் வாங்குவார். வாங்கக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. ஆனால் மொட்டை டேப்பால் மரை வெட்டு என்று எந்தச் சாமியும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதைச் சொன்னேன். வாய் நீளம் என்றார். டேப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஒதுங்கு, நான் காட்டுகிறேன் என்றார்.

நான் மண்ணெண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அலுமினியத்தில் மரை வெட்டும்போது மண்ணெண்ணெய் விடவேண்டும். அவர் இறக்கினார். பாதி போனதும் டேப் முக்க ஆரம்பித்தது. பின்னால் திருப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் ஒரு அழுத்து அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம், விரல் சொடுக்கியது மாதிரி. மேல்பாதி கைப்பிடியோடு வந்துவிட்டது. கீழ்ப்பாதி ஓட்டைக்குள் சமமாக உட்கார்ந்துகொண்டது.

விவசாயி எட்டிப் பார்த்தார். முதலாளி கையிலிருந்த துண்டைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பொம்பள கால வச்ச நேரம்," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதன்பிறகு அவர் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்பப் பார்த்தார். உடைந்த துண்டின் ஓரம் இன்னும் நொறுங்கியதே தவிர அது அசையவில்லை. ட்ரில் வைத்துப் பார்த்தார், பிட் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தில் ஏறப் பார்த்தது. நல்லவேளை நிறுத்திக்கொண்டார். புதுக் கவர் மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்லமுடியாது என்று விவசாயியிடம் சொன்னார். அந்த மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு அடிபம்பு மேடையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வயலில் நிற்கிறது, வண்டி வாய் பிளந்து கிடக்கிறது. பிறகு என்னிடம், திங்கட்கிழமையிலிருந்து நீ மேசைக்குப் போய்விடு என்றார் முதலாளி. ஆடி இன்னும் பிறக்கவில்லையே என்றேன். பிறந்தது மாதிரிதான் என்றார்.

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் பின்கட்டு வீட்டிலிருந்து அவர் மனைவி படிகாரமும் நெருப்புச் சட்டியும் கொண்டுவந்தார். லேத்துக்குச் சுற்றினார்கள், வைஸுக்குச் சுற்றினார்கள், முதலாளிக்குச் சுற்றினார்கள், அந்த அலுமினியக் கவருக்குக்கூடச் சுற்றினார்கள். எனக்குச் சுற்றவில்லை. எல்லோரையும் என்னிடமிருந்து காப்பாற்றத்தானே அந்தச் சடங்கே! சுற்றிய படிகாரத்தை நெருப்பில் போட்டால் அது பொரிந்து உப்பி ஏதாவது ஒரு உருவமாக நிற்கும். யார் கண் பட்டதோ அவர் உருவம் அதில் தெரியும் என்பார்கள். முதலாளி குனிந்து பார்த்துவிட்டுப் பெண் உருவம், சடைகூடத் தெரிகிறது என்றார். எனக்கு யானை மாதிரி தெரிகிறது என்றேன். அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மிச்சமிருந்த பெரிய கட்டியைக் கறுப்புத் துணியில் கட்டி, கம்பி போட்டு வாசல் நிலையில் தொங்கவிட்டார்கள்.

அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் வீட்டு வாசலிலும் படிகாரம் தொங்கும். ஒவ்வொரு மழைக்கும் அது கீழே விழுந்து கிடக்கும், அம்மா திட்டிக்கொண்டே திரும்பக் கட்டுவாள். முடிச்சு அவிழ்ந்து விழுந்ததில்லை. கம்பி அரித்து அறுந்துதான் விழும். படிகாரம் நனைந்து ஒழுகுகிற இடத்தில் இரும்புக் கம்பி நூலாக இளைத்துக் கறுத்துப்போகும். கடைசியில் அம்மா அலுமினியக் கம்பியில் கட்டினாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வருஷக்கணக்காக அது அப்படியே இருந்தது. இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. இரும்பைத் தின்கிறது, அலுமினியத்தைத் தின்னவில்லை. என் பிரச்சினையே அலுமினியத்துக்குள் மாட்டிய இரும்புதானே.

உடைந்த டேப்பின் மேல்துண்டைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மளிகைக் கடையில் படிகாரம் வாங்கி, மண் சட்டியில் தண்ணீர் விட்டு, கரைகிற அளவுக்குக் கரைத்து அடுப்பில் வைத்தேன். டேப் துண்டையும், உடைந்த அலுமினியப் பாத்திரத்தின் காதையும் அதற்குள் போட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, திருஷ்டிக்குக் கட்டுகிற சாமானைக் கொதிக்கவைக்கிறாளே, இவளை எவன் கட்டிக்கொண்டு போவான் என்று அடுப்படியிலிருந்து வாசல்வரைக்கும் புலம்பினாள். ஆனால் விறகைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டும் இருந்தாள், அதையும் சொல்லவேண்டும். சூடேறியதும் டேப் துண்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழாகக் கிளம்பியது. அலுமினியக் காது சும்மா கிடந்தது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் டேப் கறுத்து, இளைத்து, நகத்தால் சுரண்டினால் கரியாக உதிர்ந்தது. காது கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை பட்டறையில் மேசை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைக் கடந்து உள்ளே போனேன். கவரை எடுத்துப்போக விவசாயி வந்திருந்தார். நான் முதலாளியிடம் கேட்கவில்லை. கவர் அவருடையது அல்ல. விவசாயியிடம் போய், உள்ளே இருக்கிற துண்டை மட்டும் கரைத்து எடுக்க ஒரு வழி இருக்கிறது, வீட்டில் செய்து பார்த்துவிட்டேன், கவருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி, இளைத்துப்போன டேப் துண்டையும் அலுமினியக் காதையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். முதலாளி குறுக்கே வந்து, சமையல் எல்லாம் என் பட்டறைக்குள் வேண்டாம் என்றார். விவசாயி இரண்டையும் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"கெட்டது கெட்டுப்போச்சு. இதுக்கு மேல என்ன கெடப்போவுது? நீ செய்யும்மா," என்றார்.

உள்ளே வேண்டாம் என்றால் வெளியே. ரோட்டோரத்தில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். கவரில் இருந்த இரும்பு முளைகளையும் பேரிங்கையும் கழற்றி வைத்தேன், இல்லாவிட்டால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். அகலமான மண் தொட்டியில் கவரை, ஓட்டை மேல்பார்த்து இருக்கும்படி படுக்கவைத்து, அது மூழ்கப் படிகாரத் தண்ணீரை ஊற்றினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். ஒருவர் ரசமா என்று கேட்டார். பூண்டு போட மறந்துவிட்டேன், வாங்கி வாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார்கள். எனக்கு அது கேவலமாகவே இல்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

ஆனால் தொட்டி பெரிது, நான் கொண்டுபோன படிகாரம் போதவில்லை. மத்தியானத்துக்குள் குமிழ் மந்தமாகிவிட்டது. கடைக்குப் போகலாம் என்றால் நெருப்பை விட்டுப் போகமுடியாது. தலையை நிமிர்த்தினேன். நிலையில் கறுப்புத் துணிக்குள் பெரிய கட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் கம்பியை முறுக்கி அவிழ்த்தேன்.

"அதுல கைய வக்காத. திருஷ்டி கழிச்சது அது," என்று முதலாளி லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"என்னால வந்த திருஷ்டிதானங்க? நானே எடுத்துக்கிறேன்," என்று சொல்லித் துணியைப் பிரித்துக் கட்டியைத் தொட்டிக்குள் போட்டேன். கூட்டத்தில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கட்டி கரைந்ததும் ஓட்டையிலிருந்து குமிழ் திரும்பவும் கிளம்பியது.

அன்றைக்கு முடியவில்லை. மறுநாள் காலையிலிருந்து திரும்ப மூட்டினேன். மத்தியானம் கவரை எடுத்துக் கழுவி, கோணி ஊசியால் ஓட்டையைக் கிளறினேன். கறுப்புச் சேறாக வந்தது. நடுவில் ஒரு குச்சி மாதிரி மிச்சம் இருந்தது, அதைச் சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்தேன். ஒரு தயக்கமும் இல்லாமல் வந்துவிட்டது. ஓட்டைக்குள் பாதிவரை வெட்டியிருந்த மரை சொட்டைச் சொள்ளை இல்லாமல் அப்படியே இருந்தது. விவசாயி விரலை விட்டுப் பார்த்துவிட்டு அந்த விரலையே வேட்டியில் துடைக்காமல் வைத்துக்கொண்டு நின்றார்.

முதலாளியும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, திருஷ்டி கழிந்துவிட்டது, படிகாரம் வேலை செய்துவிட்டது என்றார். இனிமேல் ராசி சரியாகிவிடும், பாப்பா வைஸிலேயே நிற்கட்டும் என்றும் சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு போ என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இன்றைக்கு ராசி சரியாகிவிட்டது என்று உள்ளே விட்டால், அடுத்த முறை ஏதாவது உடைந்ததும் ராசி கெட்டுவிட்டது என்று வெளியே தள்ளலாம் அல்லவா?

மிச்ச மரையை வெட்ட டேப் எடுக்கப் போய் டிராயரைத் திறந்தேன். உள்ளே மெழுகுத்தாள் சுற்றிய புது டேப்புகள். உடைந்த அளவு மட்டும் இல்லை. உடையாத மற்ற அளவுகளிலும் பழையதைத் தூக்கிவிட்டுப் புதிது வாங்கி அடுக்கியிருந்தார். திங்கட்கிழமை கடை திறந்ததும் போயிருக்கவேண்டும். நான் அவற்றை அள்ளி மேசைமேல் பரப்பினேன்.

"ஒடஞ்சது ஒண்ணுதானே, மத்ததெல்லாம் எதுக்குண்ணே மாத்துனீங்க?"

அவர் முகம் சிவந்தது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். நான் திரும்பக் கேட்கவில்லை. புது டேப்பை எடுத்துக்கொண்டுபோய், கவரை வைஸில் கவ்வவைத்து, மண்ணெண்ணெய் விட்டு, முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று இறக்கினேன். அலுமினியம் சுருள் சுருளாக வந்தது. போல்டை விரலாலேயே திருகி உட்காரவைத்தேன். விவசாயி கவரைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, நாளைக்கு விடியக்காலையில் வண்டி இறங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பில் எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். பழக்கத்தில் சொன்னாரா, வேண்டுமென்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். முழங்கை வரைக்கும் கறுப்பும் எண்ணெயும்.

"கையெல்லாம் கறையா இருக்குண்ணே. நீங்க ஒக்காந்து எழுதுங்க."

அவர் விவசாயியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மேலே கிடந்த டேப்புகளை ஒதுக்கிவிட்டு, பேனாவைத் திறந்தார். என்னவென்று எழுதுவது என்று என்னைப் பார்க்காமலே கேட்டார். நான் வைஸை விட்டு நகரவில்லை.

"மரை வெட்டுனதுக்கு மட்டும் போடுங்க. மொட்ட டேப்ப கரைச்சு எடுத்தது நம்ம செலவு," என்றேன்.

எழுதினார்.